பெயரும் ஊரும்

பல் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் நகையூட்டி பேசத் தொடங்கியபோது தணிகாசலம் வீங்கிய கன்னத்தில் கை வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் தேங்காய் மூடி அளவுக்கு இருந்தது அந்தப் பொறி. அரக்கோணத்தில் நகையூட்டி இல்லாத இடம் இப்போது கிடையாது. ரேஷன் கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், ரயில்வே முன்பதிவு என்று மனிதர்கள் எரிச்சலோடு காத்திருக்கும் இடங்களில் எல்லாம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கூடத்தில் இருப்பவர்களின் மூச்சையும் முகத்தையும் கவனித்து, எவருடைய பொறுமை எப்போது கெடும் என்று கணக்குப் போட்டு, அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நகைச்சுவையை எடுத்துவிடும். அது வந்த பிறகு மருத்துவமனைகளில் நர்சுகளிடம் சண்டை போடுகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

"எங்க பல் டாக்டர் ரொம்ப நேர்மையானவர்," என்றது நகையூட்டி. "வலிக்காதுன்னு பொய் சொல்லவே மாட்டார். 'வலிச்சா சொல்லுங்க'ன்னுதான் சொல்வார். வலிக்குதுன்னு சொன்னா, 'ஆமாம், வலிக்கும்'னு உடனே ஒத்துக்குவார்."

கூடம் சிரித்தது. கன்னம் வீங்கியவர்கள் சிரிக்க முடிந்த அளவுக்குச் சிரித்தார்கள். தணிகாசலம் மட்டும் துள்ளி எழுந்தார்.

"இது என் ஜோக்!"

பக்கத்தில் இருந்த அவர் மனைவி புனிதவதி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். வார்த்தைக்கு வார்த்தை என்னுது. பேர் சொல்லுச்சா? ஊர் சொல்லுச்சா?"

"பல்லு வலிக்குதுன்னுதான வந்தோம்? இப்ப வலி போயிடுச்சா?" என்றாள் புனிதவதி. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. தணிகாசலம் அதைக் கவனிக்கவில்லை.

அவருடைய கோபத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு பழைய வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சில் வாரப் பத்திரிகைகள் வந்துகொண்டிருந்த காலத்தில், பக்கத்தின் அடியில் மிஞ்சும் இடத்தை வாசகர்கள் அனுப்பும் துணுக்குகளாலும் ஜோக்குகளாலும் நிரப்புவார்கள். எவ்வளவு சின்ன ஜோக்காக இருந்தாலும் கீழே ஒரு கோடு போட்டு, எழுதியவர் பெயரும் ஊரும் இருக்கும். அந்த ஒரு வரிக்காக ஊர் ஊராக மனிதர்கள் அஞ்சலட்டைகளை எழுதித் தள்ளினார்கள். ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்த தணிகாசலமும் அவர்களில் ஒருவர். முப்பது வருஷம் எழுதினார். ஏதாவது ஒரு வாரம் விட்டுப்போனால் பார்சல் ஆபீஸில் துக்கம் விசாரிப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பெண்கள் எழுதினால் பத்திரிகைக்காரர்கள் சீக்கிரம் போடுகிறார்கள் என்று அப்போது ஒரு நம்பிக்கை. அதனால் எழுதுகிற ஆண்களில் பாதிப் பேர் பெண்டாட்டி பெயரில்தான் எழுதினார்கள். தணிகாசலமும் அப்படியே. அச்சில் வந்தது எல்லாம் 'புனிதவதி, அரக்கோணம்' என்றுதான். ஒருமுறை வாசகர் விழாவுக்கு அழைப்பு வந்து, இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் நிற்க, வரவேற்பில் இருந்த பெண் இவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மேடம் வரலியா சார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் அவர் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

நகையூட்டியைச் செய்த நிறுவனம் அந்தப் பழைய பத்திரிகைகளை எல்லாம் மொத்தமாக அதற்கு ஊட்டி வளர்த்திருந்தது. கோடிக்கணக்கான பக்கங்கள். யாரையும் கேட்கவில்லை. கேட்டதற்கு, "மனிதர்களும் படித்துத்தானே எழுதக் கற்றுக்கொள்கிறார்கள்? எங்கள் பொறியும் படித்தது, அவ்வளவுதான்," என்று பதில் சொன்னது. எழுதியவர்கள் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கி, கடைசியில் மூலவர் உரிமைச் சட்டம் வந்தது. ஒரு படைப்பு யாருடைய மனத்தில் பிறந்ததோ அவர்தான் மூலவர். அவர் வேண்டாம் என்றால் பொறி அதை மறக்க வேண்டும். சரி என்றால், அதைப் பயன்படுத்தும் எவரும் ஒவ்வொரு தடவையும் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும்.

தணிகாசலம் மனு போட்டார். இரண்டு கோரிக்கைகள். ஒன்று, நகையூட்டி தன் ஜோக்குகளைப் பெயர், ஊரோடு சொல்ல வேண்டும். இரண்டு, அந்தப் பெயர் தணிகாசலம் என்று இருக்க வேண்டும். 'புனிதவதி என்பது புனைபெயர் மட்டுமே. எழுதியவன் நான்' என்று அடிக்கோடிட்டிருந்தார்.

"அது படிச்சது தப்புன்னு நான் சொல்லல," என்று மனைவியிடம் விளக்கினார். "படிக்கட்டும். ஆனா அடுத்தவன் மண்டைல மொளைச்சத எடுத்து, தானே சொல்ற மாதிரி சொல்லுது பாரு, அதான் அநியாயம்."

"அநியாயந்தான்," என்றாள் புனிதவதி, கீரை ஆய்ந்துகொண்டே.

ராணிப்பேட்டையில் இருந்த மூலவர் உரிமை அலுவலகத்தில் இருந்து அழைப்பு வந்தது. பதிவில் இருக்கும் பெயர் புனிதவதி என்பதால், கணவன் மனைவி இருவருமே, மூலவர் யார் என்று கண்டுபிடிக்கும் பொறியான மூலங்காணியின் முன்னால் உட்கார வேண்டும் என்றார்கள். வெறும் சம்பிரதாயம்தான் என்று தணிகாசலம் அவளைச் சமாதானப்படுத்தினார். அவள் சமாதானம் கேட்கவே இல்லை. நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

உண்மையில் பயம் அவருக்குத்தான். எழுதி நாளாகிவிட்டது. கை வறண்டு கிடந்தது. முன்பும் ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறது. மகளுக்குப் பிரசவம் என்று புனிதவதி கோயம்புத்தூர் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த சமயம், ஒரு ஜோக்கும் வரவில்லை. அந்த வருஷம் வெயில் அதிகம், அதனால்தான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அலுவலகத்தில் திணறக் கூடாது என்று, ஓட்டுநர் இல்லாத பேருந்தில் போகும்போதே தன் பழைய ஜோக்குகளைப் பரீட்சைக்குப் போகிற பையனைப் போல முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அலுவலர் பர்வீன் சின்ன வயதுக்காரி, பொறுமைசாலி. "பயப்பட ஒண்ணும் இல்ல சார்," என்றாள். "கைரேகை மாதிரி, ஒவ்வொருத்தர் மனசுக்கும் ஒரு நடைரேகை இருக்கு. ஒரு விஷயத்தை எங்க ஆரம்பிப்பீங்க, எந்த இடத்துல திரும்புவீங்க, எதைச் சொல்லாம விடுவீங்க, இதெல்லாம் மாத்திக்க முடியாது. நீங்க சும்மா பேசுனாப் போதும். மூலங்காணி அதை அந்த ஜோக்குகளோட ஒப்பிட்டுப் பாத்துடும்."

அறைக்குள் ஒரு நாற்காலியும் அதன் எதிரே ஒரு கண்ணாடித் தட்டும் இருந்தன. அதில் இருந்து குரல் வந்தது.

"நேற்று வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்."

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். "நேத்து காலைல மோட்டார் போட்டேன். ஓடல. எலக்ட்ரீசியனக் கூப்பிட்டேன். வந்தார். காயில் போயிடுச்சுன்னார். சரின்னேன்."

மூலங்காணி காத்திருந்தது. அவரும் காத்திருந்தார்.

"பிறகு?"

"பிறகு... அவர் போயிட்டார்."

வியர்த்தது. சட்டென்று பல் டாக்டர் ஜோக்கை எடுத்து ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். மூலங்காணி மரியாதையாக, "இது மனப்பாடம். புதிதாகச் சொல்லுங்கள்," என்றது. மாப்பிள்ளையைப் பற்றி, கொசுவைப் பற்றி, முட்டி வலியைப் பற்றி எல்லாம் கேட்டது. அவர் எல்லாவற்றுக்கும் பார்சலுக்கு ரசீது போடுகிற மாதிரியே பதில் சொன்னார். வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

அடுத்து புனிதவதி உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவள் குரல் நன்றாகக் கேட்டது.

"எங்க வீட்டு மோட்டார் ரொம்ப விசுவாசமானதுங்க. இவரு ரிடயர் ஆன அன்னிலேந்து அதுவும் வேலை செய்யறத விட்டுடுச்சு. நேத்து எலக்ட்ரீசியன் வந்து பாத்துட்டு, காயில் போயிடுச்சும்மான்னாரு. எதோட காயிலுன்னு நான் கேக்கல."

பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டாள். கோப்பு எடுத்துக்கொண்டு வந்த கடைநிலை ஊழியர் அப்படியே நின்றுவிட்டார். தணிகாசலமும் சிரித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, இத்தனை வருஷப் பழக்கத்தில், அவர் வலது கை தானாகச் சட்டைப் பையில் இருந்த பேனாவுக்குப் போனது.

பேனாவைத் தொட்ட இடத்தில் கை நின்றது.

அவருக்கு விளங்கிவிட்டது. மூலங்காணி சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ரசம் வைத்துக்கொண்டே அவள் பேசியது, துணி மடித்துக்கொண்டே அவள் பேசியது, மாமியாரைப் பற்றி, மாடி வீட்டுக்காரரைப் பற்றி அவள் பேசியது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவர் ஹாலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. குழாயில் தண்ணீர் வருவதைப் போல வந்தது, பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷம் அவருக்கு வந்த வெட்கம், வாசகர் விழாவில் வந்ததைப் போலப் பத்து மடங்கு. அந்த அலுவலகச் சுவரிலும் ஒரு நகையூட்டி இருந்தது; அதைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

முடிவைப் பர்வீன் படித்தாள். மூலவர், புனிதவதி. இதில் சந்தேகமே இல்லை. அடுத்து, மூலவரின் ஒப்புதல் இல்லாமல் எடுத்துப் பயன்படுத்தியவர்கள் இருவர். ஒருவர் நகையூட்டி நிறுவனத்தார். இன்னொருவர் தணிகாசலம்.

"பொறியையும் என்னையும் ஒண்ணாவா போட்டிருக்கு?" என்றார் தணிகாசலம்.

"சட்டத்துல 'எவரும்'னு இருக்கு சார். மனுசன், மெஷின்னு பிரிக்கல. பிரிக்கக் கூடாதுன்னு உங்க எழுத்தாளர் சங்கம்தான் கேட்டு வாங்கினாங்க." பர்வீனுக்கே சங்கடமாக இருந்தது. குற்றம் உறுதியானால் பெயர் மாவட்ட மின்பலகையில் ஏறும். 'படைப்பைக் களவாடியவர்' என்று தலைப்பு. ரயில் நிலையத் திரையிலும் ஓடும்.

புனிதவதி நிதானமாகக் கேட்டாள். "ஏம்மா, மூலவர் சரின்னா, பேரும் ஊரும் போட்டா தப்பில்லைன்னுதான சட்டத்துல இருக்கு? இவரு எழுதுனதுக்கு நான் சரின்னுதான் சொல்றேன்."

"ஆமாம்மா. ஒவ்வொரு தடவையும் மூலவர் பேரும் ஊரும் போட்டிருக்கணும்."

"இவரு என்ன பேர் போட்டாரு?"

பர்வீன் திரையில் இருந்த பழைய பத்திரிகைப் பக்கங்களைப் பார்த்தாள். ஒன்று விடாமல் தள்ளிப் பார்த்தாள். முப்பது வருஷத்துப் பக்கங்களின் அடியிலும் ஒரே வரிதான் இருந்தது: புனிதவதி, அரக்கோணம்.

"அட," என்றாள் பர்வீன். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சார், இந்தச் சட்டத்தை நாட்டுலயே ஒழுங்கா கடைப்பிடிச்ச ஒரே ஆள் நீங்கதான். அதுவும் சட்டம் வர்றதுக்கு முன்னாடியே. உங்க மனு மட்டும் இன்னிக்கு ஜெயிச்சிருந்தா, அம்மா பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டிருப்போம். அந்த நிமிஷமே நீங்க மாட்டியிருப்பீங்க."

தணிகாசலம் நாற்காலியில் சாய்ந்தார். ஊழியர் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். எந்தப் பெயரை நீக்கச் சொல்லி அடிக்கோடு போட்டாரோ அந்தப் பெயர் அவரைக் காப்பாற்றியிருந்தது. தோற்றுப் போனதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு நிம்மதி வரும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

நகையூட்டி விஷயத்தில் புனிதவதியின் முடிவைக் கேட்டார்கள். வேண்டாம் என்றால் அவள் நடையில் இருந்த எல்லாவற்றையும் பொறிக்கு மறக்கடித்துவிடுவார்கள்.

"பல்லு வலியோட ஒக்காந்திருக்கிறவங்க பாவம், சிரிச்சுட்டுப் போகட்டும்," என்றாள் அவள். "ஆனா ஒவ்வொரு வாட்டியும் பேரும் ஊரும் சொல்லணும். இனிமே புதுசா ஏதாச்சும் எடுக்கிறதுன்னா, சொன்னவங்கள மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு எடுக்கணும். வீட்டுக்குள்ள திருடன் இருந்தா பரவால்ல, அவன் எதிர்லயே ஒக்காந்திருப்பான். சுவத்துல இருந்தா எப்படித் தெரியும்?"

அப்படியே உத்தரவு ஆனது.

திரும்பும் பேருந்து வாலாஜா தாண்டியதும், "கோவமா?" என்றார் தணிகாசலம்.

"எதுக்குக் கோவம்? பாக்கெட்ல பேனா இருக்குதான்னு பாத்துட்டுத்தான நான் வாயத் தொறப்பேன்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "காலைல மெட்ராஸ் லோக்கலப் பிடிச்சு ஓடி, ஆபீஸ் பாத்து, ராத்திரி வந்து அடுப்பு பத்த வெச்சவளுக்கு அஞ்சலட்டை எழுத ஏது நேரம்? நீங்க எழுதுனீங்க. ஊரெல்லாம் படிச்சாங்க. எனக்குச் சந்தோசந்தான்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ஒரு வாட்டியாச்சும், 'இது நீ சொன்னது புனிதா'ன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அது உண்மை என்று தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஓட்டுநர் இல்லாத அந்தப் பேருந்து, ஏதோ அவசரம் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தது.

பல்லுக்கு வேர்ச் சிகிச்சை என்பதால் அடுத்த வாரமும் அவர்கள் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நகையூட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்து நேரம் கணித்து, தொடங்கியது.

"எங்க பல் டாக்டர் ரொம்ப நேர்மையானவர்..."

முடித்ததும் ஒரு கணம் விட்டு, "புனிதவதி, அரக்கோணம்," என்றது. தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்து, நாலு பக்கமும் பார்த்து, மனைவியை விரலால் சுட்டிக் காட்டினார். அவர் முகத்தில் இருந்த பெருமை வாசகர் விழாவுக்குப் போன அன்றுகூட இருந்ததில்லை.

அப்போது எதிர் வரிசையில் இருந்து ஒரு அம்மாள் துள்ளி எழுந்தாள். அவளுக்கும் கன்னம் வீங்கியிருந்தது.

"இது நான் சொன்னதாச்சே!"

தணிகாசலம் சுட்டிய விரலை மடக்கிக்கொண்டார். புனிதவதியோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஏய், அம்சவேணி! திருவாலங்காட்டு அம்சவேணிதான நீ?"

"புனிதாவா? அடிப்பாவி, நீயா அந்தப் புனிதவதி?"

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மெட்ராஸ் லோக்கலின் மகளிர் பெட்டியில் இருபது வருஷம் ஒரே இருக்கையில் போய் வந்தவர்கள். ஒருத்தி தொடங்கிய பேச்சை மற்றவள் முடிப்பாள். வேலையை விட்ட பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. மூலங்காணியால் இவர்களில் யாருடைய நடை யாருடையது என்று பிரிக்க முடிந்திருக்காது. அது அம்சவேணியைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை.

"நீ சொன்னதுதான்டி," என்றாள் புனிதவதி, கொஞ்சம் யோசித்துவிட்டு. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பேசின் பிரிட்ஜ்ல வண்டி நின்ன அன்னிக்கு. நான் வீட்ல போய்ச் சொன்னேன். இவரு எழுதிட்டாரு."

தணிகாசலம் கடமை தவறாத மனிதர். உடனே எழுந்து கைகூப்பினார். "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா. ராணிப்பேட்டைல ஒரு மனு போட்டாப் போதும். மூலங்காணி முன்னாடி ஒக்கார வெச்சு, உங்க பேரைப் போட்டுடுவாங்க. நானே எழுதித் தர்றேன்."

அம்சவேணியின் முகம் மாறியது. சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யய்யோ, அதெல்லாம் வேணாங்கண்ணா," என்று குரலைத் தாழ்த்தினாள். "அந்த மெஷின் முன்னாடி என்னை ஒக்கார வெச்சா மாட்டிக்குவேன். அது எங்க நாத்தனார் சொன்னது."

கூடம் வெடித்துச் சிரித்தது. நர்ஸ் வாசலுக்கு வந்து பார்த்தாள். சுவரில் இருந்த நகையூட்டியின் சின்ன வெளிச்சம் வெள்ளையில் இருந்து பச்சைக்கு மாறியது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, புதிய உத்தரவுப்படி, அது பணிவாகக் கேட்டது.

"இப்போது சொன்னதை நான் பயன்படுத்திக்கொள்ளலாமா? மூலவரின் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள்."

அம்சவேணி புனிதவதியைப் பார்த்தாள். புனிதவதி தணிகாசலத்தைப் பார்த்தாள். தணிகாசலம் பேனாவை எடுத்து, யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல் மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். பொறி விடாமல் பச்சை வெளிச்சத்தோடு காத்திருந்தது.

"இந்த மெஷின் ரொம்ப மரியாதை தெரிஞ்சதுடி," என்றாள் புனிதவதி. "எடுக்க வேண்டியத எல்லாம் எடுத்து முடிச்சிட்டு, இப்ப எடுக்கலாமான்னு கேக்குது."

மறுபடி சிரிப்பு. இந்த முறை டாக்டரே வெளியே வந்துவிட்டார். நகையூட்டி மறுபடி சிரிப்பு அடங்கக் காத்திருந்தது.

"இதையும் நான் பயன்படுத்திக்கொள்ளலாமா?"

சிரித்துச் சிரித்துத் தணிகாசலத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நர்ஸ் அவர் பெயரை இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான், பல் வலிக்காகத்தான் இங்கே வந்திருக்கிறோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.